பெரியம்மாவின் தாயக்கட்டை

பெரியம்மாவுக்கு 81 வயது. பிள்ளைகள் இல்லை. பெரியப்பா போனபிறகு இரண்டு வருடம் தனியாகச் சமாளித்துவிட்டு, கோவைக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அவராகவே போய்ச் சேர்ந்தார். இடம் மோசமில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை. பொழுதுபோக்கு என்று கேட்டால் மட்டும் ஹாலில் இருக்கும் டிவியைக் காட்டுவார்கள். காலையில் போட்டால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் அணையும். எதிரே பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் தூக்கத்தில். ரிமோட் வார்டனிடம்.

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை ஒருநாள் வேறு வேலையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரசு மாவட்டந்தோறும் அமைக்கலாம் என்று முதியோர் இல்லங்களைப் பற்றிப் பேசும் 19-ஆவது பிரிவு, மருத்துவத்தையும் பொழுதுபோக்கையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எழுதியவர் வீட்டில் ஒரு பாட்டி இருந்திருக்க வேண்டும்.

பொங்கலுக்குப் போனபோது ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை கொண்டுபோனேன். பெரியம்மா கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "கீழ உக்காந்து ஆடறதாச்சே கண்ணு, முட்டி மடங்கோணுமே?" அங்கே யாருக்கும் மடங்காது. சரியென்று ஒரு பழைய போர்வையில் மார்க்கரால் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, காயை வெட்ட முடியாத மலைக் கட்டங்களில் பெருக்கல் குறி இழுத்து, சாப்பாட்டு மேஜைமேல் விரித்தேன். ஆளுக்கு ஆறு காய்: புளியங்கொட்டை, சட்டைப் பொத்தான், காலி மாத்திரை அட்டையில் வெட்டிய துண்டு.

காயை இறக்கத் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். அரைமணி நேரம் ஒருவருக்கும் விழவில்லை. தூர நின்று பார்த்துக்கொண்டிருந்த எதிர் அறை டீச்சரம்மா, அதுவரை யாரிடமும் அதிகம் பேசாதவர், "கட்டையை நல்லாத் தேய்ச்சு விடுங்க" என்றார். அவரிடமே கொடுத்தோம். முதல் உருட்டிலேயே தாயம்.

எங்கள் பக்கத்துக் கணக்கில் எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போக முடியாது. டீச்சரம்மாவின் காய் சுற்றி முடித்து உள்ளே திரும்ப இரண்டு கட்டம்தான் பாக்கி. பெரியம்மா மூன்று போட்டு அதை வெட்டினார். அப்படியொரு சிரிப்பு! எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எப்போது விளக்கணைப்பது, எல்லாவற்றையும் அங்கே வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அவராக யோசித்து இன்னொருவருக்கு நஷ்டம் வரவைத்து எத்தனை நாளாயிற்றோ. கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாடிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இவர்களுக்குக் கைதட்டுகிற வேலை மட்டும்தான்.

மத்தியானத்தில் கட்டைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் வந்ததாம். போர்வைக்கு அடியில் துண்டு விரித்து ஆடச் சொன்னார்களாம். "சத்தமில்லாம என்ன தாயம்?" என்று பெரியம்மா ஆட்டத்தை நாலு மணிக்கு மாற்றிவிட்டார்.

என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் எப்போதும் "ஒண்ணும் வேண்டாஞ்சாமி" என்பார். போன வாரம் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"கலர் கலரா காய் கெடைச்சா வாங்கிட்டு வா கண்ணு. டீச்சர் எம் புளியங்கொட்டையத் தள்ளி வெச்சு ஏமாத்தறா."