பிளக்கில் ஐந்தாவது பின்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாகன எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் எனக்கு, மின்சார பிரேக் வைத்த கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டி) எப்போதாவதுதான் வரும். இங்கே பெரும்பாலும் ஓவர்ரன் பிரேக்தான்; கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும் விசையிலேயே அது பிடிக்கும், கரண்ட் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் செய்த கேரவன் வந்தால் சக்கரத்துக்குப் போகுமுன் காரோடு இணைக்கும் பிளக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவேன்.

காரணம் இருக்கிறது. இரு நாட்டிலும் ஏழு பின் உருண்டைப் பிளக் உண்டு. இங்கே ஐந்தாவது பின் வலது டெயில் லைட்டுக்கு; அங்கே அது பிரேக்குக்கு. அப்படியே மாட்டினால், ஹெட்லைட் போட்டதும் கரண்ட் பிரேக்கை இயக்கும் மின்காந்தங்களுக்குப் போகும். இரட்டை ஆக்சில் என்றால் நான்கு காந்தம், ஒன்றுக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர், மொத்தம் 12. டெயில் லைட் ஃபியூஸ் போய்விடும். தாங்கிக்கொண்டால் அதைவிடக் கெடுதல். பிரேக் உரசி டிரம் கொதிக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

"அண்ணே, மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, ஆனா பிரேக் பிடிக்கல" என்பது அடுத்த புகார். காந்தத்தைக் கழற்றிவிட்டு அளந்தால் நைந்த வயரும் 12 காட்டும். காந்தம் மாட்டியிருக்க, கேரவன் பிரேக்கை இயக்கக் காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரின் லீவரை முழுக்கத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்தில் அளக்க வேண்டும். போக 8 மீட்டர், எர்த் திரும்பிவர 8 மீட்டர் என்று 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஓடினால், வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டைத் தாண்டாது. எர்த்தும் அதே தடிமனில் தனி வயராக வர வேண்டும். சேசிஸை நம்பக் கூடாது, அதுவும் டர்பன் உப்புக்காற்றில். கிள்ளி மாட்டும் நீல கனெக்டர்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுகிறேன். ஆக்சில் குழாய்க்குள் ஓடும் வயர் உரசித் தேய்ந்து, குலுங்கும்போது மட்டும் ஷார்ட் ஆகும். அதை வெளியே எடுத்துக் கட்டிவிடுவேன்.

டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போய்விட்டுப் பிள்ளைகுட்டிகளோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் வரும் வண்டிகள் இவை. அதனால் கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்காமல் அனுப்புவதில்லை. முதலில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கேரவன் பேட்டரியின் கரண்ட் திரும்பிப் போய்க் கன்ட்ரோலரைக் கெடுத்துவிடலாம். அப்புறம் சுவிட்சின் பின்னை இழுத்துவிட்டு, ஜாக்கியில் தூக்கிய ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கிறேன். நான்கும் அசையக் கூடாது.