யாருடைய மந்தை?

எங்கள் கல்லூரியில் வேதபாடம் படிப்பித்த சேரை மறக்காதவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் இன்னும் பலர் இருப்பீர்கள். பெயர் சொல்லத் தேவையில்லை, விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் சைவப் பிள்ளை. ஆனாலும் அவருடைய வகுப்பைத் தவறவிட்டதில்லை. பைபிளின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டை அவர் சொல்லித் தந்த விதம் அப்படி.

இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே என்றால் எல்லோருக்கும் செங்கடல்தான் நினைவுக்கு வரும். சேர் அங்கே போவதற்கு முன் ஓரேப் மலையடிவாரத்தில் எங்களை நீண்ட நேரம் நிறுத்திவைப்பார். பழைய ஏற்பாட்டு நூலான யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் மோசே மேய்ப்பது மாமனார் எத்திரோவின் ஆடுகளை. சொந்தமாக ஒரு மந்தை அவனுக்கு இருந்ததாக அங்கே சொல்லப்படவில்லை. இஸ்ரவேலரின் முற்பிதா யாக்கோபு மேய்த்ததும் மாமன் லாபானின் மந்தை, பின்னாளில் ராஜாவான தாவீது மேய்த்தது தகப்பன் ஈசாயின் ஆடுகள். “யாருடைய மந்தை? அதை முதலில் பாருங்கோ” என்பார். எபிரேய வேதமாகிய பழைய ஏற்பாட்டில் தலைமை என்று வருகிற இடங்களை நான் இன்றைக்கும் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன்.

மற்றவன் ஆட்டை மேய்ப்பவனுக்குக் கணக்கு இருந்தது. மிருகம் பீறிப்போட்டால் மிச்சத்தைச் சாட்சியாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும், காட்டினால் ஈடு கொடுக்கத் தேவையில்லை என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு காலையோ காதின் ஒரு துண்டையோ மேய்ப்பன் பிடுங்கி எடுப்பதைப் பற்றித் தீர்க்கதரிசி ஆமோஸ் சொல்வது இந்த வழக்கத்தை வைத்துத்தான். ஆமோஸும் தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தவன், தெரிந்த தொழிலைத்தான் பேசினான். யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போனான். பீறுண்டதைக் கொண்டுவந்து காட்டாமல் அந்த நட்டத்தைத் தானே ஏற்றதாக லாபானிடம் சொல்கிறான். 20 வருடம், பகலில் வெயில், இரவில் குளிர், கண்ணுக்கு நித்திரை இல்லை. மேய்ச்சல் என்றதும் புல்லாங்குழலும் மரநிழலும் நினைவுக்கு வருகிற ஆட்கள் யாக்கோபின் இந்தப் பேச்சு வருகிற ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

தாவீதைப் பற்றி யூத ரபிகள் சொல்லிவந்த கதை ஒன்றையும் சேர்தான் சொன்னார். தாவீது முதலில் குட்டிகளை மட்டும் வெளியே விடுவானாம், நுனிப்புல்லை அவை தின்னட்டும் என்று. அடுத்து கிழட்டு ஆடுகள். கட்டுக்கடங்காத இளவட்டங்கள் கடைசியில், முற்றிய புல்லுக்கு. சேர் விடுதிப் பொறுப்பாளராகவும் இருந்த காலம் அது. சாப்பாட்டு மண்டபத்தில் ஆறாம் வகுப்புச் சின்னப் பெடியள் முதல் பந்தியில் இருப்பார்கள். மாணவ முதல்வர்களான நாங்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில். எங்களுக்குப் பிறகு சேர், சில நாட்களில் சொதி முடிந்துபோயிருக்கும். அந்தக் கதையையும் இந்த ஒழுங்கையும் அவர் ஒருநாளும் முடிச்சுப் போட்டுப் பேசியதில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

அந்தக் கால அரசர்கள் தங்களை மேய்ப்பர் என்று சொல்லிக்கொள்வது புதிதல்ல. கி.மு. 18ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி தன் சட்டக் கல்வெட்டின் முகவுரையிலேயே தன்னை மேய்ப்பன் என்கிறான். அங்கே அது பட்டம். அதே பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட தீர்க்கதரிசி எசேக்கியேல் தன் நூலின் 34ஆம் அதிகாரத்தில் அதைக் குற்றப்பத்திரிகை ஆக்கிவிடுகிறான். கொழுப்பைத் தின்றீர்கள், மயிரை உடுத்தினீர்கள், நோயுற்றதைக் குணமாக்கவில்லை, எலும்பு முறிந்ததுக்குக் கட்டுப் போடவில்லை, தொலைந்ததைத் தேடவில்லை. அப்புறம் கடவுள் சொல்கிறார்: என் ஆடுகளை உங்கள் கையில் கேட்பேன். மந்தை யாருடையது என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

அந்த அதிகாரம் மேய்ப்பரோடு நின்றுவிடவில்லை. கொழுத்த ஆடுகளையும் பிடிக்கிறது. நல்ல புல்லைத் தின்றபின் மிச்சத்தை ஏன் மிதித்தாய், தெளிந்த நீரைக் குடித்தபின் மீதியை ஏன் காலால் குழப்பினாய், மெலிந்ததை ஏன் விலாவாலும் தோளாலும் தள்ளினாய்? வசதியாக வந்து சேர்ந்துவிட்ட நாங்கள், சங்கம் நடத்துகிற நாங்கள், இதைச் சத்தமாக வாசிக்கலாம்.

தாவீது ராஜாவானபின் நடந்துகொண்டதெல்லாம் மேய்ப்பனுக்கு ஏற்றதல்ல. தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்தான், உரியாவைச் சாகவைத்தான். தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னதும் கோபத்தில் கொதித்தான். “நீயே அந்த மனுஷன்” என்று கேட்கும்வரை அவனுக்கு விளங்கவில்லை.

ஆனால் சேர் ஆகவும் ஆழமாகப் படிப்பித்தது இரண்டாம் சாமுவேலின் கடைசி அதிகாரம். தாவீது குடிமதிப்பு எடுக்கிறான், அது பாவமாகிறது, தண்டனையாகக் கொள்ளைநோய் வருகிறது, ஜனங்கள் சாகிறார்கள். பாவம் செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன, உம்முடைய கை எனக்கும் என் தகப்பன் வீட்டுக்கும் விரோதமாக இருக்கட்டும் என்று கெஞ்சுகிறான். பலிபீடம் கட்ட எபூசியர் இனத்தவனான அர்வனாவின் போரடிக்கும் களத்துக்குப் போகிறான். அர்வனா களம், மாடு, விறகு எல்லாவற்றையும் சும்மா தர முன்வருகிறான். ராஜா கேட்டால் யார் மறுப்பார்கள்? செலவில்லாமல் கிடைத்ததைக் கடவுளுக்குச் செலுத்த மாட்டேன் என்று தாவீது 50 சேக்கல் வெள்ளி கொடுத்தே வாங்குகிறான்.