விரல் போனவன் பொய் சொல்றானா

1813ல ஜெர்மனியில டிரெஸ்டன் பக்கத்துல நெப்போலியனுக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்துச்சு, தன் படையில இருக்கற இந்த சிப்பாய்ப் பசங்க தங்க கையைத் தானே சுட்டுக்கிட்டானுங்களா இல்லையா. மே மாசம் லூட்சென், பவுட்சென் சண்டை ரெண்டும் முடிஞ்சு, விரல்லயும் உள்ளங்கையிலயும் குண்டுக் காயத்தோட 2,000 பேருக்கு மேல. நிறைய பேர் புதுசா சேத்த சின்னப் பசங்க, முந்தின வருஷம்தான் ரஷ்யாவுல படையே கரைஞ்சு போயிருந்துச்சே. பயந்துட்டு தானே சுட்டுக்கிட்டானுங்க, நாலு பேரை நிக்க வெச்சு சுட்டா மத்தவனுங்க அடங்குவானுங்கன்னு மேல பேச்சு. தலைமை சர்ஜன் லாரே ஒரு டாக்டர் குழுவோட அத்தனை கையையும் பாத்துட்டு, ஒருத்தன் மேலயும் குத்தம் நிக்காதுன்னு எழுதிக் குடுத்தாரு. பேரரசர் முன்னாடி போய் பசங்க நிரபராதின்னே சொல்லிட்டாரு.

எனக்கு இந்த ஆளு மனசுல உக்காந்ததுக்கு காரணம் கேஷுவால்ட்டில நடந்த ஒரு பேச்சு. பவர் பிரஸ்ல ரெண்டு விரல் நசுங்கின பையன், கூட வந்த சூப்பர்வைசர் என்னைத் தனியா கூப்பிட்டு, "மேடம், இவன் லீவுக்காகவும் காசுக்காகவும் வேணும்னே கையை விட்டிருக்கான், ஏஆர்ல (காயத்தோட வர்றவங்களைப் பத்தி எழுதற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) அப்படி ஒரு வரி மட்டும் போட்டுருங்க"ன்னாரு. நான், காயத்தைப் பாத்து அதெல்லாம் சொல்ல முடியாதுங்கன்னேன். பையன் சொன்னதை சொன்னபடி எழுதினேன், விரல் எந்தக் கணு வரைக்கும் நசுங்கிருக்கு, நகம் இருக்கா, எலும்பு தெரியுதா எல்லாம் எழுதினேன். சட்டப்படி என் வேலை அவ்வளவுதான். ஆனா அந்தாளு வெளிய போய் போன்ல, "டாக்டரே ஆக்சிடென்ட்னு உறுதியா சொல்லல சார்"னு சொன்னது கட்டு போட்டுட்டிருந்த எங்களுக்கே கேட்டுச்சு. பையனுக்கும் கேட்டிருக்கும்.

நான் சொன்னது உண்மை. ஆனா லாரே கையில இருந்ததும் அதே உண்மைதானே. அவரு என்ன பண்ணாரு, காயத்தோட நிறுத்திக்காம சண்டையில இந்தக் காயம் எப்படி வரும்னு பாத்தாரு. மூணு வரிசையா நின்னு சுடுற படை, பின் வரிசைக்காரன் துப்பாக்கி முன்னாடி நிக்கிறவன் தோளுக்கு மேல நீளும், முன்னாடி இருக்கறவன் குண்டு போட கையைத் தூக்கறான், பின்னாடி இருக்கறவன் பாதி டிரில்கூட முடிக்காத பையன். கையில வெடிமருந்துக் கரி ஒட்டியிருக்குன்னா கிட்டக்க இருந்து சுட்டதுன்னு அர்த்தம், யார் சுட்டதுன்னு அது சொல்லாது. இன்னொன்னு, மேட்டுல ஏறிப் போறவனுக்கு துப்பாக்கி பிடிச்ச கைதான் முதல்ல எதிரிக்கு நேரா நிக்கும். இவ்வளவையும் வெச்சுட்டுப் பேசினாரு. நான் அந்த பிரஸ்சுக்கு கை உள்ள போகாம தடுக்கற கார்டு இருந்துச்சான்னு கேக்கல, கேக்கறது டாக்டர் வேலையும் இல்ல, ஆனா கேட்டிருந்தா ஒரு வரி கூட எழுதியிருக்கலாம்.

சரி, அதுக்காக லாரே பண்ணது முழுக்க சரின்னும் சொல்ல வரல. 2,000 பேர்ல ஒருத்தன்கூடவா பயந்து சுட்டுக்கல? "நிரூபிக்க முடியாது"ங்கறதுல இருந்து "நிரபராதி"க்கு அவரு தாண்டின தாண்டலை என் ஜூனியர் யாராவது ஏஆர்ல பண்ணா நான் திட்டுவேன். 1812ல ரஷ்யாவுல நடந்த பொரோடினோ சண்டையில 24 மணி நேரத்துல 200 கை கால் வெட்டினேன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு, அப்படிப்பட்ட ஆளுக்கு சண்டைக்குப் பயப்படுறவன் மேல கோவம் வராம இரக்கம் வந்திருந்தா அது ரிப்போர்ட்ல கலந்திருக்காதா. கலந்திருந்தா என்னன்னும் தோணுது, எதிர்ப்பக்கம் பசங்களைச் சுட ஆளு துப்பாக்கியோட நிக்கும்போது. என் விஷயத்துல யாரும் யாரையும் சுடப் போறதில்ல, அதனால நான் அளந்து பேசலாம்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், ஆனா ரெண்டு விரல் போனவனுக்கு நஷ்டஈட்டு கிளைம் நின்னு போறது சின்ன விஷயமா?

இன்னொரு குடைச்சலும் இருக்கு. நெப்போலியன் கோவப்படல, லாரேவுக்கு வருஷம் 3,000 ஃப்ராங்க் பென்ஷன் குடுத்தாரு. அவருக்கும் அப்ப ஆள் வேணும், 2,000 குத்தவாளிய வெச்சுட்டு என்ன பண்றது. அந்த அக்டோபர்லயே லைப்சிக் சண்டை. அப்ப லாரே சொன்னது எடுபட்டது தைரியத்தாலயா, இல்ல கேட்டவருக்கும் அதே பதில்தான் தோதா இருந்ததாலயா? என்கிட்ட கேட்ட சூப்பர்வைசருக்கு எந்தப் பதிலும் தோதாதான் இருந்திருக்கும்போல, நான் "முடியாது"ன்னதையே அந்தாளு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.