மழைக்கு முன் கூரை: முள்ளியவளை வீட்டு நாட்குறிப்பு

2024 யூன் 2

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்துவிட்டது. இனி வீட்டு வேலையைத் தொடங்கலாம். இது அம்மாவின் சீதன வீடு, 1974இல் அம்மப்பா கட்டியது. நடுவில் ஒரு மண்டபம், இரண்டு அறை, முன்னால் விறாந்தை, பின்னால் தனியாகக் குசினி. சீட்டுக் காசும் சேமிப்பும் சேர்த்துக் கையில் ஆறு இலட்சம் இருக்கிறது. கடன் எடுப்பதில்லை என்று இவரும் நானும் முதலே பேசி முடித்துவிட்டோம். நுண்கடன் எடுத்துவிட்டு வாராவாரம் கட்ட முடியாமல் தவிக்கும் வீடுகள் இந்த ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

வந்து பார்க்கிற எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "உதை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுங்கோ." புதிதாகக் கட்டினால் ஆறு இலட்சம் அத்திவாரத்தோடும் அரைச் சுவரோடும் முடிந்துவிடும். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் கொடுத்தார்கள். பக்கத்து வளவுகளில் நிற்பவை அப்படி எழும்பிய வீடுகள்தான். இன்றைக்கு அந்தக் காசில் ஒரு கூரையை முடித்தாலே பெரிய காரியம். எங்களிடம் ஐம்பது வருடமாக நிற்கிற சுவர் இருக்கிறது. அதை ஏன் இடிக்க வேண்டும்?

2024 யூன் 9

மேசன் அண்ணை வந்தார். ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு சுவரைத் தட்டித் தட்டி, சத்தத்தைக் கேட்டபடி வீட்டைச் சுற்றி நடந்தார். தெற்கு யன்னலுக்குக் கீழே நின்று, சாந்தகப்பையால் பூச்சைக் கொஞ்சம் பெயர்த்துக் காட்டினார்.

உள்ளே நாட்டுச் செங்கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த வெள்ளைச் சாந்து. நகத்தால் கீறினால் மெல்ல மாவாய் வருகிறது, ஆனால் கல்லை விடவில்லை. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு திட்டு. அது தொண்ணூறுகளில் அடைத்த புற்றுமண். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது, அதன்பின் போரால் எங்கள் வன்னிக்குள் சீமெந்து கொண்டுவரவும் தடை. இடிந்த இடத்தை அடைக்க மண்தான் இருந்தது. 2002இல் வன்னிக்கு வருகிற ஏ9 பாதை திறந்ததும் சீமெந்து வந்தது. அப்போது அப்பா வெளிச்சுவரின் கீழ்ப்பாதி முழுவதற்கும் தடிப்பாகச் சீமெந்து பூசுவித்தார். 2006இல் பாதை திரும்பவும் மூடப்பட்டது, மேற்பாதி அப்படியே நின்றுவிட்டது.

இப்போது பிரச்சினை அந்தக் கீழ்ப்பாதியில்தான். உப்புப் பூத்து, பூச்சு தட்டுத் தட்டாய்க் கழன்று விழுகிறது. "கொப்பர் பலமா இருக்கட்டும் எண்டுதான் பூசினவர் தங்கச்சி. ஆனா நிலத்தில இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புக்குள்ளால வெளியில போகும், சீமெந்துக்குள்ளால போகாது. போக வழியில்லாம மேல மேல ஏறுது" என்றார் அண்ணை. அந்தக் காலத்தில் சீமெந்து கிடைத்ததே பெரிய விஷயம். கிடைத்ததை அப்பா வீட்டுக்குத்தான் கொடுத்தார்.

போகும்போது தூக்குக்குண்டு போட்டும் பார்த்தார். சுவர் நேராக நிற்கிறது. "இடிக்கிற கதையை விடுங்கோ. முதல் கூரையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

2024 யூன் 23

காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்று இரவு இருந்து எழுதினோம். முதலில் கூரை. அடுத்து வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி. பிறகு சுவரின் கீழ்ப்பாதி. மிஞ்சினால் வயரிங். நிலமும் பெயின்ரும் இந்த வருடக் கணக்கிலேயே இல்லை.

என் எண்ணத்தில் பழைய வீட்டுக்குத் தண்ணீர்தான் எதிரி. மேலிருந்து வருவதையும் கீழிருந்து ஏறுவதையும் நிறுத்தாமல் ரைல்ஸ் பதிப்பது காசைக் கொட்டுகிற வேலை. பளபளவென்று நிலம் போட்டுவிட்டு மாரியில் அதன்மேல் வாளி வைக்கிற வீடுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பாவம், அவர்களும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசுதானே.

போரில் இடம்பெயர்ந்து 2011இல் திரும்பி வந்தபோது கூரையே இல்லை. மீள்குடியேற்றத்துக்குக் கிடைத்த தகரத்தைக் கிடைத்த தடிகளின் மேல் பதிவாக அடித்தோம். பதின்மூன்று வருடம் எங்களைக் காத்த தகரம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சித்திரை வைகாசியில் மத்தியானம் உள்ளே இருக்க முடியாது, அம்மா வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். ஆணித் துளைகளும் கறள் பிடித்துப் பெருத்துவிட்டன.

ஆகவே வீட்டுக்கு ஓடு. குசினிக்கு, இருக்கிற தகரத்தில் நல்லதைத் தெரிந்து போடுவது. அஸ்பெஸ்ரஸ் சீற் மலிவுதான், ஆனால் அதை வெட்டும்போது பறக்கிற தூசு நெஞ்சுக்குக் கூடாது. பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவுக்குள் அது வேண்டாம்.

2024 யூலை 6

மரம். கூரைச் செலவில் பாதிக்கு மேல் இதுதான். முதிரையும் பாலையும் எங்கள் கைக்கு எட்டாது. அளம்பிலில் சித்தப்பா தன் வளவில் நின்ற முற்றிய பனை இரண்டைத் தந்தார். விதானையாரின் கடிதம், பிரதேச செயலக அனுமதி எல்லாம் எடுத்துத்தான் தறித்தோம். அனுமதி இல்லாமல் பனை தறிக்கவும் கூடாது, ஏற்றவும் கூடாது.

மரக்காலையில் அரிய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கத்து மரம் என்றால் உள்ளே போர்க்காலத்துச் சன்னம், குண்டுத் துண்டு இருக்கும், பட்டால் வாள் போய்விடும். அவர்களையும் பிழை சொல்ல முடியாது. தச்சு வேலை செய்கிற ஓடாவியாரிடம் சொன்னேன். "மில் வாறதுக்கு முன்னம் பனையை எப்பிடிப் பிளந்தவை? ஆப்பு வைச்சுத்தான்" என்றார் அவர்.

இரண்டு பேராக நின்று பிளந்தார்கள். கோடாலியால் வாய் வைத்து, இரும்பு ஆப்பை இறுக்கி, சுத்தியலால் போட்டால், பனை நீளத்துக்குச் சடசடவென்று வெடித்துக்கொண்டே போகிறது. நடுவில் இருக்கிற சோற்றியைக் கழித்துவிட்டு, ஓரத்து வைரத்தை மட்டும் வாய்ச்சியால் செதுக்கிக் கைமரமாக்கினார். வைரம் கறுப்பும் மஞ்சளுமாய் நார் நாராய் ஓடுகிறது, தொட்டால் கையில் சிலாம்பு ஏறும்.

இரண்டாவது மரத்தில் ஆப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கே பெருவிரல் நகமளவு இரும்புத் துண்டு. அதைச் சுற்றி மரம் கருகினாற்போலக் கறுத்து, வெளியே காயம் தெரியாமல் வளர்ந்து மூடியிருந்தது. ஓடாவியார் அதைக் கெல்லி எடுத்து, ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தார். அந்தக் கைமரத்தைக் கழிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம், பலத்துக்குக் குறையில்லையாம். குறுக்கி விறாந்தைக்குப் போடுகிறார்.

சுவரில் இருக்கப்போகிற முனைகளுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊறப் பூசி நிழலில் அடுக்கியிருக்கிறோம்.

2024 யூலை 21

காசு அதிகம் போகாத, ஆனால் மிகவும் பலனான வேலை இன்று முடிந்தது. வருடக்கணக்காகக் கூட்டிக் கூட்டிச் சுவரோரம் சேர்ந்த மண், உள்நில மட்டத்துக்கும் மேலே வந்திருந்தது. மழைத்தண்ணீர் சுவரில்தான் சாய்ந்து நிற்கும். இவரும் தம்பியும் மண்வெட்டி எடுத்து, அத்திவாரக் கல் தெரியும்வரை அந்த மண்ணை இழுத்து, வெளிப்பக்கம் சரிவாக்கிவிட்டார்கள். கிணற்றடிப் பக்கம் ஒரு வாய்க்கால், அது வாழைக்குப் போகிறது.

மண்ணை இழுத்ததும் கறையான் ஏறிய மண்குழாய்கள் வெளியே தெரிந்தன. மேற்கு அறைக் கதவு நிலையின் அடி கோறையாகிவிட்டது, மற்ற நிலைகள் எல்லாம் முதிரை, அசையவில்லை. கெட்ட அடியை மட்டும் வெட்டிவிட்டு ஓடாவியார் பாலைத் துண்டு பொருத்துகிறார். புது நிலை வாங்குகிற காசில் கால்வாசியும் ஆகாது.

2024 ஓகஸ்ட் 4

ஆடி அமாவாசை. மேசன் அண்ணைக்குத் தகப்பனுடைய விரதம், வேலை இல்லை. நீற்றிய சுண்ணாம்பு பீப்பாவில் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது என்கிறார் அண்ணை. நீற்றிய அன்று அது கொதித்த கொதிக்குப் பிள்ளைகளைக் கிட்ட விடவே இல்லை. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும்.

2024 ஓகஸ்ட் 18

ஓடு. 2008 மார்கழியில் வெளிக்கிட்டபோது அப்பா ஓட்டை இறக்கினார். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கூரை, கதவு, யன்னல் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. எங்கள் பெட்டியில் இடம் காணாமல், ஓட்டைக் கிணற்றுக்குப் பின்னால் அடுக்கிப் பனையோலையால் மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் உடைந்தும் காணாமலும் போயிருந்தது. மிஞ்சியதை அம்மா ஒரு துண்டும் எறிய விடவில்லை. பூங்கன்றுப் பாத்திக்குக் கரையாகவும், கோழிக்கூட்டுக்கு மேலேயும், எங்கு பார்த்தாலும் ஓடுதான்.

இன்று எல்லாவற்றையும் கழுவி, அம்மா கதிரையில் இருந்து ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தார். இடது கையில் தொங்கப் பிடித்து, வலது கை விரல் மொழியால் ஒரு தட்டு. நல்ல ஓடு வெண்கலம்போலக் கணீரென்று சொல்லும். வெடித்த ஓடு கண்ணுக்கு முழுதாய்த் தெரிந்தாலும் "டப்" என்று செத்த சத்தம். விறாந்தையை நீட்டிய நேரம் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையில் ஏற்றிய ஓடு எது, முதல் ஓடு எது என்று நிறத்தை வைத்தே பிரித்தார். அந்தத் தொழிற்சாலை போரோடு மூடப்பட்டது. அது ஓடினால் இன்று நாங்கள் புது ஓட்டுக்குத் தெற்கைப் பார்க்க வேண்டியதில்லை.

சதுர மீற்றருக்குப் பதினைந்து ஓடு என்று கணக்கு. எங்கள் கூரைக்கு 1,300 வேண்டும். தேறியது 540. மிச்சத்தைச் சாவகச்சேரியில் ஓட்டைக் கழற்றிவிட்டு கொங்கிறீற் பிளாற் அடிக்கிற ஒரு வீட்டில் பழைய ஓட்டு விலைக்கு எடுத்தோம். வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பழைய ஓடு ஒரே அச்சாக இருக்க வேண்டும். கொளுவி கொஞ்சம் மாறினாலும் ஒன்றில் ஒன்று படியாது. வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

2024 செப்டெம்பர் 8

கூரை ஏறிவிட்டது. தகரம் பதிவாகக் கிடந்தது, ஓட்டுக்கு அது சரிவராது, முப்பது பாகைக்குக் கிட்டவாவது சரிவு வேண்டும். இல்லாவிட்டால் வாடைக்காற்றோடு அடிக்கிற மழை ஓட்டுக்குக் கீழால் ஏறிவிடும். இரண்டு பக்கத்து முகட்டுச் சுவரையும், விழுந்த விறாந்தைத் தூணின் செங்கல்லைச் சுத்தம் செய்து உயர்த்தினோம். வீட்டின் கல் வீட்டுக்கே. கைமரத்தில் கொஞ்சம் வளைவு இருக்கிறது, கையால் செதுக்கியது, இருக்கத்தான் செய்யும். ஓடாவியார் சிலாகையில் கட்டை வைத்து மட்டம் எடுத்துவிட்டார்.

மத்தியானம் மண்டபத்தில் பாய் போட்டு அம்மா படுத்திருக்கிறார். மின்விசிறி போடவில்லை.

2024 செப்டெம்பர் 22

நேற்று சனாதிபதித் தேர்தல், வேலை நடக்கவில்லை. இன்று கீழ்ச்சுவர்ப் பூச்சு. பழைய சீமெந்துப் பூச்சை ஆடியிலேயே உடைத்துவிட்டதால் சுவர் வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. கலவை இம்முறை வெறும் சீமெந்து இல்லை: சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. முல்லைத்தீவுக் கடல் கிட்ட இருக்கிறதே என்று கடல்மணல் அள்ளக் கூடாது, அதில் இருக்கிற உப்பு திரும்பவும் சுவரைத் தின்னும். அனுமதிப் பத்திரத்தோடு வந்த ஆற்று மணல்தான். விலை வலித்தது.

சன்னம் பட்ட குழிகள் தெற்குச் சுவரில் நிறைய. உதிரிகளைத் தட்டி, நனைத்து, ஓட்டுத் துண்டும் சாந்தும் வைத்து அடைத்து, அதன்மேல் பூசுகிறார்கள். ஒன்றை அப்படியே விடச் சொல்லி அம்மா கேட்டார். யன்னலுக்கு வலப்பக்கம் இருக்கிற குழி அது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேசன் அண்ணை அதைச் சுற்றி வட்டமாக ஓரம் எடுத்துப் பூசிவிட்டார்.

சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம். பூச்சு ஒரு கிழமையாவது ஈரமாக இருக்க வேண்டும்.

2024 ஒக்ரோபர் 20

நல்ல மழை. விடியப்புறம் தொடங்கி மத்தியானம்வரை விடவில்லை. இவரும் நானும் ரோச் லைற்றோடு ஒவ்வொரு கைமரமாகப் பார்த்தோம். வீட்டுக்குள் ஒரு துளி இல்லை. வீட்டு ஓடும் குசினித் தகரமும் சந்திக்கிற மூலையில் மட்டும் கசிவு. அந்த இடத்துக்கு ஒரு தகரப் பீலி மடித்து ஓட்டுக்கு அடியால் செருக வேண்டும். மழை விட்டதும் ஓடாவியார் வருகிறார். சுவரோரம் தண்ணீர் நிற்கவில்லை, நேரே வாழைக்குப் போகிறது.

கணக்கு எழுதிப் பார்த்தோம். கையில் 38,000 ரூபா மிச்சம். நிலத்துக்கு ஒரு பூச்சுப் போடலாமே என்று தம்பி கேட்டான். இந்தக் காசு வயரிங்குக்கு என்று சொல்லிவிட்டேன். பழைய வயருக்கு எர்த் இல்லை, மின் கசிந்தால் தானே நிற்கிற ரிப் சுவிச்சும் இல்லை. மாரியில் ஈரக் கையோடு சுவிச்சைத் தொடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். வயர்மன் தம்பி வருகிற கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நிலம் தை பிறந்து, அடுத்த சீட்டு விழுந்த பிறகு.