விட்டுப்போன கோழிகள்: தோட்டத்து நாட்குறிப்பு

மார்ச் 2

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது: ஒரு சேவல், ஐந்து பெட்டை. இருபது அடிக்குள் ஆள் வந்தாலே ஓட்டம். இரவில் கொட்டகை ஓரத்து மரத்தில் அடைகின்றன. துரத்திப் பிடிக்கிற வேலையே வேண்டாம். ஒரு முறை துரத்தினால் ஒரு வாரப் பழக்கம் போய்விடும்.

முதல் வேலை தரையைப் பொறுக்குவது. ஆணி, கம்பித் துண்டு, கண்ணாடிச் சில்லு, தெர்மாகோல், மூலையில் பழைய எலிமருந்து. பளபளப்பதையெல்லாம் கோழி கொத்தும். விழுங்கிய கம்பி அரைவைப்பையைக் குத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது, கோழி சோர்ந்து செத்துப்போகும். தெர்மாகோல் மீது ஏனோ தனி ஆசை. எலிமருந்தைக் கையுறை போட்டு எடுத்தாயிற்று.

மார்ச் 3

தீனிக்கு முன்னால் தண்ணீர். வளர்ந்த கோழிக்கு நாளைக்கு 200 முதல் 250 மில்லி, வெயில் ஏறினால் அதைப்போல இரண்டு மடங்கு. பாத்திரத்தைத் தரையில் வைத்தால் கிளறியே மண்ணை நிரப்பிவிடும். கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, நிழலில் வைத்தோம்.

தீனி ஒன்றுக்கு 110 கிராம் கணக்கு, காலை மாலை பிரித்து. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் வரை இருக்கும். சேவலுக்கும் முட்டையிடாத பெட்டைக்கும் அது அதிகம், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் வளர்பருவத் தீவனம் பொதுவாகவும், உடைத்த கிளிஞ்சல் தனிக் கிண்ணத்திலும். தேவைப்படுகிற பெட்டை தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

மார்ச் 6

பழைய கூடு பழுதுபார்த்தாயிற்று. உட்காரும் கட்டை 5 சென்டிமீட்டர் அகலம், மேல்விளிம்பு உருட்டியது. தலைக்கு 25 சென்டிமீட்டர் என்றால் ஆறுக்கு ஒன்றரை மீட்டர். கட்டை முட்டைப்பெட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி எச்சமிடும். காற்றோட்டத் திறப்பு கோழியின் தலைக்கு மேலே. குனிந்து மோந்தால் எச்ச நெடி கண்ணில் எரியக்கூடாது.

ஆறுகோண வலை கோழியை உள்ளே வைக்கும், நாயையும் மரநாயையும் வெளியே வைக்காது. 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள பற்றவைத்த வலைதான். அடியில் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் தரையோடு விரித்துக் கல் வைத்தோம். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் ஆரம்பிக்கும்.

மார்ச் 8, இரவு

நிலா இல்லாத இரவு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றினால் இன்னும் அமைதி. இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்கவேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக்கூடாது. கோழிக்கு உதரவிதானம் கிடையாது; குடல் சரிந்து காற்றுப்பைகளை அழுத்தும், மூச்சு திணறும்.

பிடித்த கையோடு பரிசோதனை. நெஞ்செலும்பு மூன்றுக்குக் கத்தி மாதிரி: பட்டினி. ஒன்றுக்குக் கொண்டை வெளிறியிருக்கிறது: ரத்தம் குறைவு. ஆசனவாயைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாகப் பேன் ஈர். புள்ளிப் பெட்டைக்குக் காலில் செதில் தூக்கிச் சுண்ணாம்பு அப்பியதுபோல: செதிலுக்கடியில் குடியிருக்கும் நுண்பூச்சி. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, வாசலின் தடவினோம். செதிலைப் பிய்க்கக்கூடாது, ரத்தம் வரும். சிவப்புப் பெட்டையின் நடுவிரலில் நூல் இறுகிக் கிடந்தது. சதைக்குள் புதைந்த இடத்தைச் சிறு கத்தரியால் தூக்கி வெட்டவேண்டியிருந்தது.

மார்ச் 12

ஒரு தவறு. கழுவிவிட்டோம், சுத்தம் என்று நினைத்துக் கூட்டில் விட்டோம். இரவில் கட்டையின் அடிப்பக்கம் வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்புக் கோடு. சிவப்புச் செள். பகலெல்லாம் பலகை இடுக்கில் ஒளிந்து இரவில் மட்டும் ரத்தம் குடிப்பது. காலிக் கூட்டில் மாதக்கணக்கில் பட்டினியாகவே உயிரோடிருக்கும், அதனால் ஆளில்லாத கூடு என்பது சுத்தமான கூடு இல்லை. கட்டைகளைக் கழற்றி, இடுக்கெல்லாம் சுரண்டி, கொதிக்கிற சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காயவைத்தோம். முட்டை பொரித்து வருவதால் ஏழாம் நாள் மறுபடி, அதற்கடுத்த வாரமும்.

மார்ச் 16

ஒரு வாரமாக அடைப்பு. எங்கே அடையவேண்டும் என்பது அதற்குள் மனதில் பதியும். எச்சத்தில் சில நேரம் வெல்லப்பாகு நிறத்தில், கெட்ட நெடியோடு குழைவாக ஒன்று வரும். குருட்டுக்குடலிலிருந்து வரும் எச்சம்தான், பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சள் நுரையோ ரத்தமோ வந்தால்தான் மருத்துவரிடம் போகவேண்டும்.

மார்ச் 17

முதல் திறப்பு, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது. பசி இருந்தால் தூரம் போகாது. ஐந்து திரும்பின. கறுப்பு மட்டும் பழைய மரத்துக்கே போனது. இருட்டியதும் எடுத்துவந்து கட்டையில் வைத்தோம். இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படித்தான் இருக்கும்.

மார்ச் 21

பழக்கம் பிடிக்கிற வேலை: தினம் அதே நேரம், அதே சட்டை, தாழ்ந்த முக்காலி. நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில். தானியம் முதலில் இரண்டு மீட்டர் தள்ளி, நாளுக்கு நாள் ஒரு சாண் நெருங்க. கை எப்போதும் கீழிருந்து வரவேண்டும்; மேலிருந்து வருவது கோழிக்குப் பருந்து. பரிசோதனை, மருந்து எல்லாம் இரவில் மட்டும். பகலில் வருகிற கை தீனி மட்டும் தரட்டும்.

திறவுகோல் சேவலிடம். அது தானியத்தைக் கொத்தி, கீழே போட்டு, மறுபடி கொத்தி, ‘டுக் டுக்’ என்று கூப்பிடும். பெட்டைகள் அப்புறம்தான் வரும். அதன் கண்ணெதிரே பெட்டையைத் தூக்கினால் சேவலின் கால்முள்ளால் நம் காலில் குத்து வாங்கவேண்டியதுதான்.

மார்ச் 27

விறகடுக்குக்குப் பின்னால் 11 முட்டை. தண்ணீரில் போட்டதில் ஏழு மிதந்தது. காற்றறை பெருத்துப்போன பழசு. மீதி நான்கும் எப்போது இட்டது என்று தெரியாததால் எல்லாமே குழிக்குள். அந்த இடுக்கை அடைத்து, பெட்டியில் மர முட்டை ஒன்று வைத்தோம். பெரும்பாலும் காலையில்தான் இடும் என்பதால் பதினோரு மணி வரை கதவு திறப்பதில்லை.

ஏப்ரல் 3

பெட்டியில் இரண்டு முட்டை, மர முட்டையை ஒட்டியபடி. புள்ளிப் பெட்டைக்கு வாசலின் நான்காம் முறை. பழைய செதில் ஓரத்தில் உதிர்கிறது, புதுச்செதில் முழுதாக வர மாதங்கள் ஆகும். கறுப்பு இன்றைக்கு முக்காலிக்கு அரை மீட்டரில் நின்று ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, செருப்பு வாரை ஒரு கொத்து கொத்திவிட்டுப் போனது.