சைக்கிளில் 25 சிசி எஞ்சின்: இதுவரை செய்தது

வண்டி பழைய 28 அங்குல ராடு பிரேக் சைக்கிள். தோட்டத்துக்குப் போகும் வழியில் எதிர்க்காற்று அடித்தால் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. மின்மோட்டார் மாட்டச் சொல்லாதவர் இல்லை. எனக்குப் பெட்ரோல் எஞ்சின்தான் பிடிக்கும். அதற்கு வேறு நியாயம் கிடையாது.

சைக்கிள் ஃபிரேமின் நடுவில் உட்காரும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கிட்டைத்தான் முதலில் பார்த்தேன். 80 சிசி என்று விற்கிறார்கள். 47 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 38 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்று கணக்குப் போட்டால் 66தான் வருகிறது. அதன் பல்சக்கரத்தைப் பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பிகள் மேலேயே ரப்பர் வைத்து இறுக்க வேண்டும். அது மனதுக்கு ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய தடை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும் எஞ்சின் 25 சிசிக்கு மிகாமலும் இருந்தால் மட்டுமே அந்தச் சட்டத்தின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. 66 சிசி என்றால் பதிவெண், காப்பீடு என்று எல்லாம் வந்துவிடும்.

ஆகவே புல் வெட்டும் பிரஷ் கட்டரில் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்25. நான்கு ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஒரு குதிரைத்திறன், எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் 80 மில்லி போதும். எப்படிச் சாய்த்தாலும் ஓடும். (போர் 35, ஸ்ட்ரோக் 26 என்று பெருக்கினால் 25.01 சிசி வருகிறது. அந்த நூறில் ஒரு பங்கை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

அடுத்தது சுற்றைக் குறைக்கும் வேலை. இந்தச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 30 கி.மீ. போக நிமிடத்துக்கு 227 சுற்று போதும். எஞ்சினோ 7000 சுற்றுகிறது. முப்பதுக்கு ஒன்று என்று குறைக்க வேண்டும். 11 பல் சக்கரத்திலிருந்து 44 பல் சக்கரத்துக்குச் செயின் போட்டாலும் நான்கில் ஒன்றாகத்தான் குறையும். கியர் பெட்டி வாங்கினால் எடையும் செலவும் ஏறும். அதனால் டயரின் மேல் உருளையை அழுத்தும் பழைய முறைக்கு வந்தேன். பிரான்ஸின் வெலோசோலெக்ஸ் என்ற எஞ்சின் வைத்த சைக்கிள் 1946 முதல் முன்சக்கரத்தில் இதைத்தான் செய்தது. 25 மி.மீ. விட்டமுள்ள உருளை 7000 சுற்றில் டயரை மணிக்கு 33 கி.மீ. வேகத்தில் தள்ளும். 32 மி.மீ. போட்டால் கணக்கில் 42 வரும், ஆனால் ஒரு குதிரைத்திறன் அதை இழுக்காது.

லேத் பட்டறையில் உருளையைக் கடைந்து, மேற்பரப்பில் சொரசொரப்பு வெட்டி, இரு முனையையும் 15 மி.மீ. ஆக்கி 6202 பேரிங் ஏற்றினேன். தண்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் அதைச் சக்கரத்தின் இடதுபுறம்தான் வைக்க முடியும். வலதுபுறம் வைத்தால் சைக்கிள் பின்னால் போகும். உருளை டயரை முன்னால் தள்ளும்போது டயர் உருளையைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்க, கேரியரிலிருந்து சீட் கம்பிக்கு ஒரு பட்டை இரும்பை இழுத்துக் கட்டினேன். மட்கார்டை அந்த இடத்தில் வெட்டியாயிற்று. சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கோட்டம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் உருளை ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் வழுக்கும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்ப எஞ்சினை நம்ப முடியாது. எஞ்சின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச் இது; நன்றாகப் பிடிப்பது 4000 சுற்றுக்கு மேல். அது மணிக்கு 19 கி.மீ. ஆகவே முதலில் மிதித்து வேகம் எடுத்துவிட்டுத்தான் ஆக்சிலரேட்டர் கொடுக்கிறேன். சமதரையில் சோர்வில்லாமல் இழுக்கிறது. மேடு வந்தால் மிதியும் சேர வேண்டும். அதிர்வு சாதாரண நட்டுகளைக் கழற்றிவிடுகிறது; எல்லாவற்றையும் நைலான் வளையம் உள்ள நட்டுகளாக மாற்றிவிட்டேன்.

டயர் நனைந்தால் உருளை வழுக்கிக் கத்துகிறது. இந்த முறையில் அதற்கு முழுத் தீர்வு இல்லை. காற்றைக் கல்லாக அடித்து வைத்தால் கொஞ்சம் தேவலை. மழை நாளில் மிதித்தே போகிறேன். அடுத்த வேலை பிரேக். ராடு பிரேக் மிதித்துப் போகிற வேகத்துக்கென்று வந்தது, 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க யோசிக்கிறது. முன்சக்கரத்துக்கு டிரம் பிரேக் உள்ள ஹப் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாதபடி கேபிளில் ஒரு தடை வைத்திருக்கிறேன்.