பி.எஸ்.எஃப். புழு வளர்ப்பு: ஒரு வாளியின் நாட்குறிப்பு

ஜூன் 14

பி.எஸ்.எஃப். என்றால் கருப்புப் படைவீரர் ஈ (Black Soldier Fly). அதன் புழுவைக் கழிவில் வளர்த்துக் கோழிக்குப் போடத்தான் இந்த 20 லிட்டர் பெயின்ட் வாளி. அடியில் 3 மி.மீ. துளைகள், அதன்மேல் நாலு விரல் கனத்துக்குத் தேங்காய் நார். தண்ணீர் வடியாமல் தேங்கினால் புழு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஈயை இழுக்க, ஒரு கிலோ அரிசித் தவிட்டைப் புளித்த கஞ்சியில் பிசைந்து மூன்று நாள் மூடிவைத்தது உள்ளே போனது. அதற்கு மேலே, தீனியில் படாமல், அட்டைப்பெட்டியை நறுக்கிய துண்டுகள் தொங்குகின்றன. கருப்புப் படைவீரர் ஈ ஈரத் தீனியில் முட்டையிடாது. பக்கத்தில் காய்ந்த இடுக்கைத் தேடும். வீட்டு ஈயோ தீனி மேலேயே இட்டுவிடும். அதனால் அட்டையை மட்டும் எடுத்து வளர்த்தால் வேறு புழு அவ்வளவாகக் கலக்காது.

வாளி நிற்கும் செங்கலைச் சுற்றித் தண்ணீர்த் தட்டு கட்டாயம். எறும்பு ஒரே இரவில் முட்டையைக் காலி பண்ணிவிடும்.

ஜூன் 19

அட்டை ஓட்டைகளுக்குள் வெளிர்மஞ்சள் கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் சில நூறு முட்டை இருக்கும். சுமார் நாலு நாளில் பொரியும். அட்டையைத் தனித் தட்டில், ஊறவைத்த கோழிக்குஞ்சுத் தீவனத்துக்குச் சற்று மேலே வலைமீது வைத்தாயிற்று. தீவனத்தைக் கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. குஞ்சுப் புழுவுக்குக் காய்கறிக் கழிவு இப்போதே வேண்டாம்; அதில் தண்ணீர் அதிகம்.

ஜூன் 29

புழு அரிசி நீளம் வந்ததும் வாளிக்கு மாற்றம். பூசணித் தோல், பழுத்த வாழைப்பழம், மீந்த சோறு எல்லாம் பொடியாக நறுக்கி. அளவுக்கு ஒரே கணக்கு: இன்று போட்டது நாளைக்குள் தீர வேண்டும். எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மருந்தடித்த கீரை கூடாது.

ஜூலை 3

மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி, சுவரில் ஏறும் புழு. இரண்டுக்கும் காரணம் ஈரம்தான். ஈரமான பிளாஸ்டிக்கில் புழு ஒட்டிக்கொண்டு ஏறும், காய்ந்த சுவரில் வழுக்கி விழும். ஒரு நாள் தீனியை நிறுத்தி, இரண்டு கை மரத்தூள் கலந்து கிளறினால் போதும். புழுக்கூட்டம் தானாகவே சூடாகும், கையை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். சுடுகிற அளவுக்குப் போனால் பாதியை வேறு வாளிக்குப் பிரித்துவிட வேண்டும். வெயிலில் வைக்கவே கூடாது.

ஜூலை 9

வெள்ளைப் புழுவைச் சல்லடையில் சலித்துக் கழுவி நாட்டுக்கோழிக்குப் போடலாம். கொழுப்பு அதிகம், ஆகவே தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சேமிக்க, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி மொறுமொறுவென்று காயவைக்க வேண்டும். முற்றிக் கருத்த புழு தீனியை விட்டுவிட்டுக் காய்ந்த இடம் தேடும். சாய்வாக வைத்த பலகை வழியே ஏறித் தானே டப்பாவில் விழும். தோல் தடித்திருப்பதால் தூண்டில் முள்ளில் நன்றாக நிற்கும்.

ஜூலை 25

ஒதுக்கிவைத்த கருத்த புழு, காய்ந்த மரத்தூளில் கூடாகி ஈயாக வருகிறது. இந்த ஈக்குத் தீனி போடத் தேவையில்லை, கடிக்காது, சில நாளே வாழும். கொசுவலைக் கூண்டில் காலை வெயில் படவேண்டும். வெளிச்சம் இல்லாமல் இணை சேராது. வலைமேல் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் தெளித்து, அடியில் புளித்த தவிடும் மேலே புது அட்டையும் வைத்தாயிற்று.